இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினை ரீபோர் செய்யும் முன் காற்றுக் கசிவைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பெயின்ட் பூச்சு, குரோமிய முலாம், கிடைக்காத உதிரி பாகங்களைத் தேடிப் பிடிப்பது ஆகியவற்றை அவை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஆனால், இழுவை குறைந்துபோன ஓர் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கோளாறை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது பற்றி அவற்றில் ஏறக்குறைய எதுவும் இல்லை. அந்த வரிசை தெரியாததால் நல்ல சிலிண்டர்கள் வீணாகின்றன என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

வண்டி இழுக்கவில்லை என்றதும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதும், அதில் பலன் இல்லையென்றால் சிலிண்டரை ரீபோர் செய்து, அதாவது அதன் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, அடுத்த அளவுப் பிஸ்டனைப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. பல இன்ஜின்களுக்குப் பெரிய அளவுப் பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளாக, அதுவும் சில படிகள் மட்டுமே, தயாரிக்கப்பட்டன. ஒவ்வொரு ரீபோரும் அந்தப் படிகளில் ஒன்றைத் தின்றுவிடுகிறது. தயாரிப்பு நின்றுபோன வண்டிகளுக்கு இது மீட்க முடியாத செலவு. சிலிண்டருக்குள் புதிய லைனர் (உள் உறை) இறக்கலாம் என்பது உண்மைதான். ஆனால், அதில் வெட்டப்படும் போர்ட்டுகளின் (பெட்ரோல் கலவையும் புகையும் செல்லும் துளைகளின்) உயரமும் அகலமும் பழைய அளவிலேயே அமையாவிட்டால் இன்ஜினின் குணமே மாறிவிடும். ஆகவே, சிலிண்டரில் கை வைப்பது கடைசி முடிவாக இருக்க வேண்டும். கிராங்க் கேஸ், அதாவது சிலிண்டருக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் மூடிய அறை, காற்றுப் புகாமல் இருக்கிறதா என்பதைச் சோதிப்பதே முதல் வேலை.

இதற்குக் காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் டே உருவாக்கிய முறையில்தான் இன்றும் இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை இயங்குகின்றன. பிஸ்டன் மேலேறும்போது கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகள் மூலம் சிலிண்டருக்குள் ஏறுகிறது. அதாவது கிராங்க் கேஸ் ஒரு பம்ப். கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் (தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), கேஸின் இரு பாதிகள் சேரும் இணைப்பு, சிலிண்டரின் அடிப் பேக்கிங், கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் குழாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கசிந்தாலும் இந்தப் பம்பின் வேலை கெடும். நீண்ட காலம் ஓடாமல் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் உதடு காய்ந்து இறுகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

எந்தப் பக்கச் சீல் போயிருக்கிறது என்பதை இன்ஜினே ஓரளவு காட்டிக்கொடுக்கும். தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் சக்கரம் உள்ள மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் வெறும் காற்று உள்ளே புகுகிறது. அப்போது சூடேறிய பின் ஐட்லிங் தானாகவே ஏறும்; ஆக்சிலேட்டரை மூடினாலும் வேகம் உடனே இறங்காது; சோக்கைச் சற்று இழுத்தால் ஓட்டம் சீரடையும். கிளட்ச் பக்கம் எண்ணெயில் மூழ்கி ஓடும் இன்ஜின்களில் அந்தப் பக்கச் சீல் கசிந்தால், கியர் ஆயில் கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சப்பட்டு எரிகிறது. புகை அடர்த்தியாகவும் வேறு வாடையுடனும் வரும். பிளக் எண்ணெயில் நனையும். தரையில் ஒரு சொட்டும் சிந்தாமலே கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். முதல் வகைக் கசிவே அதிக ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். கூடுதல் காற்றால் கலவை மெலிந்து வெப்பம் ஏறுகிறது. பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஓடும் வண்டியில் பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் சேர்ந்தே குறைகிறது. பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்வதும், அதன் தலையில் ஓட்டை விழுவதும் இப்படித்தான் நேர்கின்றன. அந்த நிலையில் ரீபோர் மட்டும் செய்து சீலை அப்படியே விட்டால், புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான்.

சோதனை எளிமையானது. சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியையும் கார்புரேட்டர் பொருந்தும் வழியையும் ரப்பர் அடைப்பான்களால் இறுக மூட வேண்டும். பிஸ்டனைக் கீழ் எல்லைக்கு இறக்கினால் சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே அறையாகிவிடும். பிறகு பிளக் துளை வழியாகக் கை பம்பால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றிச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே இடம் பெயர்ந்துவிடக்கூடும். ஆகவே கம்ப்ரசரைத் தொடவே கூடாது. நிமிடத்துக்கு 1 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இறங்கினால் கசிவு உறுதி. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் இடத்தைக் காட்டும். மேக்னெட் சக்கரத்தைக் கழற்றினால் அந்தப் பக்கச் சீலையும் பார்க்கலாம். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் ஊற்றும் துளையில் காற்று வெளிப்படும். சீலின் உதடு ஒரு திசையில் வரும் அழுத்தத்தால் மேலும் இறுகக்கூடியது என்பதால், அழுத்தத்தில் தாங்கும் சீல் உறிஞ்சும்போது கசிவதும் உண்டு. எனவே வெற்றிடப் பம்ப் கிடைக்குமானால் மறுதிசையிலும் சோதிப்பது நல்லது. ஓடும் இன்ஜின் மீது பெட்ரோலையோ தீப்பற்றக்கூடிய ஸ்பிரேயையோ அடித்துக் கசிவைத் தேடும் பழக்கத்தைத் தயவுசெய்து எவரும் பரிந்துரைக்க வேண்டாம். சூடான சைலன்சருக்கு அருகில் அது தீ விபத்தில் முடியும்.

கிராங்க் கேஸ் தேறிய பிறகே மற்றவை. பிளக் துளையில் கம்ப்ரஷன் மீட்டரைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து, மீட்டரின் முள் ஏறுவது நிற்கும் வரை கிக்கரை உதைத்துக் கம்ப்ரஷன் அளவைக் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை) குறித்துக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு மீட்டர் அளவு வேறுபடும் என்பதால் ஒரே மீட்டரில் அவ்வப்போது எடுத்த அளவுகளை ஒப்பிடுவதே பயன் தரும். சைலன்சரைக் கழற்றியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வழியாக எட்டிப் பார்த்தால் பிஸ்டனின் கீறல்களும், கரியில் ஒட்டி அசையாத ரிங்கும் தெரிந்துவிடும்.

மெதுவாகச் செல்லும்போது நன்றாக ஓடி, வேகத்தில் மட்டும் மூச்சுத் திணறும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது சைலன்சரைத்தான். எரிந்த எண்ணெயின் கரி எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் குழாயின் கழுத்திலும் உள் தடுப்பிலும் படிந்து வழியைக் குறுக்கிவிடுகிறது. இந்த இன்ஜினில் சைலன்சர் புகையை வெளியேற்றும் குழாய் மட்டுமன்று. அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது; கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பொறியாளர் வால்ட்டர் காடென் 1950-களில் இந்த விளைவை முறையாகப் பயன்படுத்திப் பந்தய வண்டிகளின் திறனைப் பெருமளவு உயர்த்தினார். ஆகவே, கரியை நீக்க வேண்டுமே தவிர, சத்தத்துக்காக உள் தடுப்பை எடுத்து எறியக்கூடாது. இரும்புக் குழாயைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பவர்கள் அது அலுமினியத்தை அரித்துவிடும் என்பதையும் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது என்பதையும் மறக்கலாகாது.

பாயிண்ட் (திறக்கும்போது தீப்பொறியை உண்டாக்கும் மின்தொடர்பு முனை) உள்ள பழைய வண்டிகளில் அதன் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். பாயிண்டின் அடிக்கட்டை தேயத் தேய இடைவெளி குறைந்து, தீப்பொறி தாமதமாகிறது; இழுவை போய், எக்ஸாஸ்ட் பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. குளிர்ச்சியில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்ஸிங் ஆகி, சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும் வண்டியில் தீப்பொறி மின்சுற்றிலுள்ள கண்டென்சரையும் காயிலையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் இதே குறிதான் தென்படும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து கிக்கரை உதைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். கிளட்ச் வழுக்குவதையும் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதையும் இன்ஜின் கோளாறு என்று எண்ணுவோரும் உண்டு.

கார்புரேட்டர் கடைசியில் வர வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியில் கால், அரை, முக்கால் திறப்புகளை அடையாளமிட்டுக்கொண்டால் எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளை; நீடில் என்பது ஆக்சிலேட்டருடன் ஏறி இறங்கும் ஊசி. தொடக்கத் திறப்பில் பைலட் ஜெட், நடுவில் நீடில், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட் ஆகியவையே கலவையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் அதே ஜெட்டில் கலவையைச் சற்று மெலியச் செய்யும். பழைய ரப்பர் பாகங்களையும் பாதிக்கும். பாதுகாப்பு என்று எண்ணிக் கூடுதலாக எண்ணெய் ஊற்றுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் உள்ள விகிதம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய், 25-க்கு 1 என்றால் 40 மில்லிலிட்டர். எண்ணெயின் பங்கு கூடும்போது ஜெட் வழியே செல்லும் பெட்ரோலின் பங்கு குறைகிறது. எனவே கையேட்டில் உள்ள விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் சரிபார்த்தே ஆக வேண்டும்.

தங்கள் வாகனப் பக்கத்தில் இந்தக் காற்றழுத்தச் சோதனையைப் படங்களுடன் ஒருமுறை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய டியூப் ரப்பர், போல்ட், உலோகத் தகடு, கை பம்ப் ஆகியவற்றைக் கொண்டு வாசகர்கள் அடைப்பான்களை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். டயர் காற்றை அளக்கும் சாதாரண மீட்டரில் 6 பவுண்டைத் துல்லியமாகப் படிக்க இயலாது. 15 பவுண்டு வரை மட்டும் காட்டும் மீட்டரே தேவை என்பதையும் படத்துடன் சேர்த்துக் குறிப்பிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பழைய வண்டிகளின் பராமரிப்பில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்