ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் ஐயா அவர்களுக்கும், பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்காகத் தள்ளிவைத்த பொதுக்குழுவுக்கு இன்று வேலையை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை, பஞ்சாலையில் வேலை பார்த்த பிள்ளைகளின் பி.எஃப். பணம் ஆகியவற்றுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். சந்தா வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

ஆண்டின் மற்ற நாட்களையெல்லாம் ஒரே விவகாரம் எடுத்துக்கொண்டது. ஆடி மாதம் ஒரு தனியார் ஆலையில் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய இறக்கிவிடப்பட்ட தொழிலாளி விஷவாயு தாக்கி இறந்தார். பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எஃப்.ஐ.ஆரில் இருந்ததோ வெறும் சந்தேக மரணம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்த்துப் பிரிவை மாற்றும் வரை உடலை வாங்க மாட்டோம் என்று பிணவறை வாசலில் உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் பிரிவு மாறியது. மூன்றாம் நாள் நம் மேல் வழக்கு வந்தது.

சட்டவிரோதமாகக் கூடினோம், வழியை மறித்தோம், அரசு ஊழியர் உத்தரவை மீறினோம் என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2), 126(2), 223 ஆகிய பிரிவுகள். எந்த உத்தரவு என்று கேட்டால், 1861ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்தின் 30(2) அமலில் இருந்தது என்கிறார்கள். கூட்டங்களையும் ஊர்வலங்களையும் முறைப்படுத்த எழுதிய பிரிவு அது. இழவு வீட்டார் உட்காருவதற்கே தடையாக அதை எடுத்து நீட்டுவது அநியாயம்.

நகலை வாங்கி வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். குற்றம் சாட்டப்பட்டவரைக் காவல்துறைக் காகிதத்தில் ‘எதிரி’ என்றுதான் எழுதுவார்கள். நான்காம் எதிரி, இறந்தவரின் மனைவி. வீட்டுக்காரருடைய ஈ.எஸ்.ஐ. அட்டையை மஞ்சப்பைக்குள் வைத்து மடியில் பிடித்தபடி இருந்தவர், தலையைத் தூக்கி, “ஏனுங்ண்ணா, நான் ஆருக்குங்க எதிரி?” என்று கேட்டார். என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இன்றுவரை போடவில்லை. நம் மேலுள்ள வழக்கில் போட்டாயிற்று, வாய்தாவும் ஓடுகிறது. நான் மிகவும் வருந்துவது இதற்காகத்தான். அந்தக் குடும்பத்துக்காக ஆலை வருகைப் பதிவேட்டையும் சாட்சிகளையும் தேடி அலைய வேண்டிய நாட்களை, நம் பெயரைக் கூப்பிடும் வரை நீதிமன்ற வராண்டாவில் நின்று கழித்தோம்.

இதுபோக, ஓராண்டுக்கு அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி நம்மில் மூவருக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சம்மன் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த ஆர்ப்பாட்டத்தில் நின்றதையே பிணை மீறல் என்று சொல்லி உள்ளே தள்ள வழியுண்டு. மூவரும் மறுத்து விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நம் இளைஞர் ஒருவரும் எதிரிப் பட்டியலில் இருக்கிறார். வழக்கு நிலுவையில் இருந்தால் சரிபார்ப்பில் கழித்துவிடுவார்கள். அவருடைய அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் கோபம் நியாயமானது.

உத்தரவை மீறிய குற்றத்துக்குப் போலீஸார் தாங்களாகவே எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்று ஜீவானந்தம் வழக்கில் 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188தான் இன்றைய 223. இதை வைத்து வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு தயார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போய்வர நம் வழக்கறிஞர் டிக்கெட் காசுகூட வாங்குவதில்லை. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அந்தக் கெடு ஆடியோடு முடிகிறது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் உயர் நீதிமன்ற முழு அமர்வே சொல்லியிருப்பதால் இதை விட்டுவிடக் கூடாது.

2019 டிசம்பரில் மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து 17 பேர் செத்தபோதும், நியாயம் கேட்டு நின்றவர்களைத்தான் முதலில் அடித்துக் கைது செய்தார்கள். வாச்சாத்தி மலைக் கிராமத்தில் 1992இல் வனத்துறையினரும் போலீஸாரும் பழங்குடிப் பெண்களுக்குச் செய்த கொடுமைக்கு 2011இல்தான் தீர்ப்பு வந்தது. 269 எதிரிகளில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அங்கே அந்தப் பெண்கள் எத்தனை வாய்தாவுக்கு மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம் அடுத்த வாய்தா வைகாசியில். இறந்தவரின் மனைவி ஊரிலிருந்து வரும் பஸ் பத்தரைக்குத்தான் ஸ்டாண்டுக்கு வருகிறது. பெயர் கூப்பிடும்போது அவர் இல்லையென்றால் வாரண்ட் போய்விடும். காலை எட்டு மணிக்கு வண்டியில் போய் அவரை அழைத்துவரக் கூடியவர்கள் கூட்டம் கலையுமுன் என்னிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்