சனிக்கிழமை வான்போர் ஆட்டம்: ஏவுகணை விதிகள்

அனைவருக்கும் வணக்கம். பதிவுகள் எழுதி ஆடும் நம் வான்போர் ஆட்டத்தின் அடுத்த சுற்று வரும் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு இதே குழுவில். தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

1. ஆளுக்கொரு எஃப்-16 போர் விமானம். அம்ராம் (ரேடாரால் இலக்கைத் தேடும் ஏவுகணை) 4, சைட்வைண்டர் (வெப்பம் தேடும் ஏவுகணை) 2. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் உயரம், வேகம், திசை, மீதி ஏவுகணை கட்டாயம்.

2. ஏவியதை விமானிகளின் குறிச்சொல்லால் அறிவியுங்கள்: அம்ராம் ஏவினால் "ஃபொக்ஸ் 3", சைட்வைண்டர் என்றால் "ஃபொக்ஸ் 2".

3. அம்ராமை ஏவியதும் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். அதன் சொந்த ரேடார் விழிக்கும்வரை இலக்கு எங்கே என்று உங்கள் விமானம்தான் சொல்ல வேண்டும். எதிரி இருக்கும் திசையிலிருந்து 50 பாகை விலகிப் பறங்கள். எதிரி உங்கள் ரேடாரின் ஓரத்தில் இருப்பார், நெருங்கும் வேகமும் குறையும்.

4. ஏவுகணையின் மோட்டார் சில விநாடிகளே எரியும். பிறகு இருக்கும் வேகத்தில்தான் ஓட்டம். ஒவ்வொரு திருப்பமும் அதைத் தின்னும். தாழ்வில் காற்று அடர்த்தி, தூரம் இன்னும் குறையும். ஆகவே உயரத்திலிருந்து ஏவுங்கள்.

5. ஃப்ளேர் (ஏவுகணையை ஏமாற்ற விடும் எரிசுடர்) வெப்பம் தேடும் சைட்வைண்டருக்கு மட்டும். போன சுற்றில் பலர் அம்ராமுக்கும் ஃப்ளேர் போட்டார்கள், இனி ஏற்கமாட்டோம். அம்ராம் வந்தால் அதற்குக் குறுக்காக 90 பாகை திரும்பி, கீழே இறங்கி, சாஃப் (ரேடாரை ஏமாற்றும் உலோகத் துகள்கள்) விடுங்கள்.

6. மலை மறைவுக்கு உயரம் பாருங்கள். இலங்கையின் மிக உயர்ந்த மலையான நம் பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான், ஏறத்தாழ 8,280 அடி. 20,000 அடியில் பறப்பவருக்கு மறைவு இல்லை.

7. அடிபட்டதா, தப்பியதா என்பதை இலக்கானவரே எழுதுவார். இதுதான் ஆட்டத்தின் உயிர்.

மழைக்குச் சிக்னல் போகும் தோட்டங்களில் இருப்பவர்களுக்காக 10 நிமிடம் காத்திருப்போம்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் அழைப்புப் பெயருடன் (ஆட்டத்தில் உங்கள் விமானியின் பெயர்) பதில் போடுங்கள்.