கடையில் விற்காத பத்திரிகை

லிவர்பூல்,
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக வாங்கிவந்த செய்தித்தாளை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். "எல்லாரும் பொய்யர்கள், அந்த நாட்டிலாவது உண்மையை எழுதுகிறார்களா?" என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால், இன்று விடுமுறை கிடைத்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இம்மாதம் 4ஆம் தேதி இங்கே பொதுத்தேர்தல் நடந்தது. காமன்வெல்த் நாட்டவர் என்பதால், உரிய விசாவோடு வசிக்கும் எங்களுக்கும் வாக்குரிமை உண்டு. நம் நாட்டுக் கடவுச்சீட்டைக் காட்டித்தான் வாக்களித்தேன். விரலில் மை வைப்பதில்லை. தடுப்புக்குள் இருக்கும் பென்சிலால் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற முதியவர் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பென்சில் குறியை அழித்து மாற்றிவிடுவார்கள் என்றொரு பேச்சு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று 2016ஆம் ஆண்டு நடந்த வாக்கெடுப்பின்போது பரவியதாம். பேனா கொண்டுவரச் சட்டத்தில் தடையும் இல்லை. வெளியே வந்தபின், "யார் அழிப்பார்கள்?" என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "யாராவது" என்றார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாடு மூன்று பிரதமர்களைக் கண்டது. அவர்களில் ஒருவர் 49 நாட்களே பதவியில் இருந்தார். இப்போது வெற்றிபெற்ற தொழிற்கட்சிக்கு மொத்தமுள்ள 650 இடங்களில் 411 கிடைத்திருக்கிறது. ஆனால் பதிவான வாக்குகளில் அதன் பங்கு ஏறத்தாழ 34 விழுக்காடுதான், வாக்குப்பதிவே 60 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. பெருவெற்றி என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருக்க, பட்டியலில் பெயர் உள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேர் வாக்களிக்கவே இல்லை.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், லண்டனிலிருந்து திரும்பும்போது ரயில் இருக்கையில் யாரோ விட்டுச்சென்ற 'தி சன்' பத்திரிகையை எடுத்துவந்து, மருத்துவமனையில் நாங்கள் தேநீர் அருந்தும் அறையில் மேசைமீது வைத்தேன். என்னோடு பணிபுரியும் மூத்த செவிலியர் ஒருவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நான்காக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்தபின்தான் என்னை உட்காரச் சொல்லிக் கதையைச் சொன்னார்.

1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல் கால்பந்து அணி ஆடிய அரையிறுதி ஆட்டத்தைக் காணச் சென்றவர்கள் கம்பியடைப்புக்குள் நெரிசலில் சிக்கினார்கள். இறந்தோர் எண்ணிக்கை, பல ஆண்டுகள் கழித்து உயிர்விட்ட ஒருவரையும் சேர்த்து, 97. நான்கு நாள் கழித்து அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, ரசிகர்கள் பிணங்களின் பைகளைத் துழாவினார்கள், மீட்கவந்த காவலர்கள்மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. காவல்துறைத் தரப்பு சொன்னதை அப்படியே வாங்கி அச்சிட்டதுதான் அது. 2012இல் ஒரு சுயேச்சைக் குழு ஆவணங்களையெல்லாம் ஆராய்ந்து, அவை ஆதாரமற்ற பழிகள் என்று காட்டியது. காவலர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்ததும் அப்போதுதான் முழுமையாக வெளியே வந்தது. பத்திரிகை மறுநாள் முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. இடையில் 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், ரசிகர்கள்மீது பிழையில்லை என்றும் மரண விசாரணை நடுவர் குழு சொன்னது அதற்கும் பின்னால், 2016இல்.

மன்னிப்பை இந்த ஊர் ஏற்கவில்லை. இன்றும் பல கடைகளில் அந்தப் பத்திரிகை கிடைக்காது. அதை வாங்காதீர்கள் என்ற ஒட்டுவில்லையை டாக்சிக் கண்ணாடியில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் கவனித்த ஒன்று உண்டு, அப்பா. அந்தச் செவிலியர் செய்தியே படிக்காதவர் அல்லர். தினமும் இரண்டு நாளிதழ்களைப் புரட்டுவார், இரவில் வானொலிச் செய்தி கேட்பார், ஒரே செய்தியை இரண்டிலும் ஒப்பிட்டு, "இவன் இந்த வரியை ஏன் விட்டான்?" என்பார். யார், எந்த நாளில், என்ன பொய் சொன்னார்கள் என்பதை அவர் கணக்கில் வைத்திருக்கிறார். பேனா கொண்டுவந்த முதியவரிடம் இல்லாதது அந்தக் கணக்குதான்.

அரசியல்வாதிகளுக்கும் அந்தச் செவிலியர் தம் கணக்கில் பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இப்போது பிரதமராகியிருக்கும் ஸ்டார்மர், 2020இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது இந்த ஊருக்கு வந்து, இப்பிரசாரக் காலத்தில் 'தி சன்'னுக்குப் பேட்டி தரமாட்டேன் என்றார். 2021இல் அதே பத்திரிகையில் கட்டுரை எழுதினார். சொன்ன சொல்லை எழுத்தளவில் அவர் மீறவில்லைதான்; பிரசாரம் முடிந்துவிட்டதே! இந்தத் தேர்தலுக்கு முந்தைய நாள் அப்பத்திரிகை அவருடைய கட்சிக்கு ஆதரவு தெரிவித்தது. அன்று அந்தச் செவிலியர் சொன்னது கடிதத்தில் எழுதத் தக்கதன்று.

இங்கே தொலைக்காட்சியும் வானொலியும் பக்கம் சாராமல் செய்தி தர வேண்டும் என்று விதி இருக்கிறது; அச்சுப் பத்திரிகைகளுக்கு அது இல்லை, யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்றே அவை எழுதலாம். கைபேசியில் வருவதற்கோ கடைக்காரர் தடுப்பும் கிடையாது. இந்த ஊரின் பல கடைகளில் வாங்கமுடியாத அதே பத்திரிகையின் தலைப்புகள் என் திரையில் கேட்காமலே வந்து நிற்கின்றன. செவிலியரிடம் காட்டினேன். கைபேசியைக் குப்பைத்தொட்டியில் போட முடியாதே என்று அலுத்துக்கொண்டார்.

நீங்கள் நிறுத்தியதில் எனக்கு வருத்தமில்லை. எந்தத் தேதியில், எந்தச் செய்தியைப் படித்தபின் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் கத்தரித்து அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்