சாமியார் பங்களாவுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் வட சென்னையின் பழைய தேவாலய வளாகங்களில் மராமத்து தொடங்கிவிடும். தேவாலயத்துக்கு நல்ல கொத்தனாரைத் தேடுகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் பங்குத் தந்தை இல்லத்தை, அதாவது நாம் சாமியார் பங்களா என்று சொல்லும் கட்டடத்தை, கண்டுகொள்வதில்லை. ஒழுகினால் சிமெண்ட், உதிர்ந்தால் சிமெண்ட். சில வருடங்களில் ‘இனி தாங்காது, இடித்துவிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடுகிறது.

பிரான்சில் ஆல்பி என்ற ஊரில் ஆயருக்காக 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பெர்பி மாளிகை இன்றும் நிற்கிறது. கருங்கல் இல்லை, நம் பங்களாக்களைப் போலச் செங்கல்தான். 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் வந்த பின் அது ஆயர் இல்லமாக நீடிக்கவில்லை. ஆனால் பூட்டிப் போட்டுவிடவில்லை. 1922 முதல் ஓவியர் துலூஸ் லோத்ரெக்கின் அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்நாட்டில் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி, பொதுவாக 500 மீட்டருக்குள், அதோடு சேர்ந்து கண்ணில் படும் ஒரு வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றக்கூட அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் தேவைப்படுகிறது. இங்கே மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களுக்கு 100 மீட்டர் தடையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடும் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத பங்களாவைக் காப்பது பராமரிப்பவர் கையில்தான் இருக்கிறது.

மழைக்கு முன் மொட்டைமாடியை மட்டும் பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் என்ற இந்தப் பழைய மாடிக் கூரையின் அடுக்குகள் இவை: தேக்கு உத்திரம், அதன்மேல் சாய்வாகக் குத்தி அடுக்கிய சிறு செங்கல், அதன்மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை, கடைசியாகத் தட்டோடு. பெரும்பாலும் ஒழுகுவது நடுவில் அல்ல. கைப்பிடிச் சுவர் சேரும் இடத்திலும், குப்பை அடைத்த தண்ணீர்த் தூம்பிலும்தான். அதைச் சரிசெய்யாமல் மேலே 3 அங்குலம் கான்கிரீட் போட்டால் சதுர அடிக்கு ஏறக்குறைய 17 கிலோ ஏறும். பத்துக்கு இருபது அறை என்றால் 3 டன்னுக்கு மேல். உத்திரம் தொய்வது அதனால்தான். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு செங்கலும் வரும். அடியை ஒட்டி வெட்டி, வேர் சாகும்வரை மருந்து வைத்து, பிறகு இடுக்கைச் சுண்ணாம்பால் அடையுங்கள்.

சுவரைத் தை பிறந்த பிறகு தொடுங்கள். கடலோரப் பகுதியில் அடித்தளத்திலிருந்து உப்பு கலந்த ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சும் எமல்ஷன் பெயிண்டும் அடைத்துவிடும். ஈரம் காயும்போது உப்பு உள்ளேயே உறைந்து செங்கலை மாவாக்குகிறது. பூச்சைத் தட்டினால் டொப் டொப்பென்று பொள்ளலாகக் கேட்கும். அதை ஈரக் கோட்டுக்கு மேல் ஒரு முழம் வரை உளியால் மெதுவாக எடுத்து, இணைப்புகளைச் சுரண்டி, முடிந்தால் கோடை முழுக்கக் காயவிட வேண்டும். குறைந்தது 15 நாள் தொட்டியில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக்கூடாது, வெடிக்கும். வாரம் பத்து நாள் நீர் தெளித்துப் பதப்படுத்தி, மேலே வெள்ளை அடித்தால் போதும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை இல்லை இது, ஆனால் ஒவ்வொரு வருடமும் திரும்பச் செய்ய வேண்டியதும் இல்லை.

பங்குப் பேரவைகளுக்கு ஒரு வேண்டுகோள். இடிக்கத் தீர்மானம் போடும் முன் சுவருக்குள் போகும் உத்திரத் தலைப்பு (முனை) ஒன்றைத் திறந்து, ஊசி உளியால் குத்திப் பாருங்கள். உளுத்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு முழம்தான். அதை வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப் போட்டு, தலைப்பைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டு வையுங்கள். சிமெண்ட் கொண்டு இறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டட மராமத்துப் பணியாளர்கள்,
ராயபுரம், சென்னை - 13.