ஃபிரெட் கிரே வரலாற்றுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். அலபாமா வக்கீல் ஃபிரெட் கிரேயின் வாழ்க்கை வரலாறு தமிழில் அச்சுக்குப் போகிறது. பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸுக்கு வாதாடியவர் என்ற ஒற்றை வரிக்குள் அவர் அடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்தான்.

முதல் நன்றி, நீதிமன்ற நடைமுறையைப் பொறுமையாகப் புரியவைத்த வழக்கறிஞர் நண்பர்களுக்கு. 1955 டிசம்பர் 5 அன்று பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் கோர்ட்டுச் செலவும் விதித்தார்கள். அந்த வழக்குதான் பஸ்ஸில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைத்த பிரிவினையை ஒழித்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஒழித்தது வேறு வழக்கு: 1956 பிப்ரவரி 1 அன்று கிரே தாக்கல் செய்த பிரவுடர் எதிர் கேயில். அதில் பார்க்ஸ் பெயரே கிடையாது. அவர்மீதான குற்ற வழக்கு மாநிலக் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அவரையும் வாதியாகச் சேர்த்தால், தண்டனையிலிருந்து தப்பிக்கத்தான் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சட்டம் செல்லுமா என்ற கேள்வி அமுங்கிப்போகும். மாநிலச் சட்டத்துக்கே தடை கேட்டதால் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். தீர்ப்பு 2-க்கு 1. மேல்முறையீடும் இடையில் எங்கும் தங்காமல் நேரே உச்ச நீதிமன்றம் போனது, நவம்பர் 13-ல் உறுதியானது.

வாதிகள் ஐந்து பெண்கள். ஒருவர் மிரட்டலில் விலகிக்கொள்ள, அனுமதியில்லாமல் வழக்குப் போட்டதாகக் கிரே மீதே குற்றம் சாட்டினார்கள். அந்தப் பெண்மணி கையெழுத்திட்ட ஒப்புதல் கிரேயிடம் இருந்தது, குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஒரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் நால்வரும் கடைசிவரை உறுதியாக நின்றார்கள். இவர்களை அடிக்குறிப்பில் தள்ளக்கூடாது என்று அடம்பிடித்த மெய்ப்புத் திருத்துநருக்குத் தனி நன்றி.

டஸ்கீகி வரைபடத்தை வரைந்து தந்தவருக்கு என்ன சொல்ல! டஸ்கீகி அலபாமாவில் ஒரு ஊர். சதுரமாக இருந்த அதன் எல்லையை 1957-ல் 28 பக்கம் கொண்ட கோணல் உருவமாக வெட்டினார்கள். சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர்தான் ஊருக்குள் மிஞ்சினார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. புத்தகத்தில் மூன்று பக்கம் விளக்கியும் பிடிபடாதது அந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரிகிறது. 1960-ல் உச்ச நீதிமன்றத்தில் கிரே தரப்பு வென்றது. 1970-ல் அதே வட்டாரம்தான் கிரேயையும் தாமஸ் ரீடையும் மாநில சட்டமன்றத்துக்கு அனுப்பியது. மறுகட்டமைப்புக் காலத்துக்கு (அமெரிக்க உள்நாட்டுப் போரை அடுத்த ஆண்டுகள்) பின் அலபாமா சட்டமன்றத்தில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர்கள் இவர்களே.

சட்டமன்ற அத்தியாயம் சிறியதுதான், 1974-உடன் முடிகிறது. அதே காலத்தில், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசு கவனித்துவந்த டஸ்கீகி ஆய்வை எதிர்த்து அவர் நடத்திய வழக்கில் எண்கள் எளிதில் குழம்பிவிடும்: நோயிருந்தவர்கள் 399, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் 201. 1974 சமரசத் தொகை சுமார் ஒரு கோடி டாலர். உயிரோடிருந்த நோயாளிக்கு 37,500, ஒப்பீட்டுக் குழுவில் உயிரோடிருந்தவருக்கு 16,000. இறந்திருந்தால் வாரிசுக்கு முறையே 15,000, 5,000. இந்த நான்கையும் வரிவரியாகச் சரிபார்த்த மருத்துவருக்கு நன்றி.

பிழை கண்ணில் பட்டால் பக்க எண்ணோடு எழுதுங்கள். அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம்.