ஆயிரம் முள் எதற்கு?

நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

பூச்சி கட்ட மொத்தமாக ஆயிரம் தூண்டில் முள் வாங்கினால் எது மலிவு என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுத்தால்தானே. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆயிரம் வாங்காதே. முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மீனை ஏமாற்றுகிற பூச்சியைத் தனக்கென்று கட்டுகிறவளுக்கு இருபத்தைந்து முள் பாக்கெட் நாலைந்து இருந்தால் வெகுநாள் ஓடும். தூண்டில் கடைக்குக் கட்டிக் கொடுத்த காலத்தில்தான் நான் நூறு நூறாக எடுத்தேன். உனக்கு எதற்கு ஆயிரம்? சரி, நான் கேட்கவில்லை.

நீ படம் அனுப்பியிருந்த அந்த மலிவுப் பாக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன். வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஒன்று மட்டும் வாங்கி, அதிலிருந்து இரண்டு முள்ளை எடுத்துப் பார். முள்ளை வைஸ் பிடியில் இறுக்கி, தண்டை விரலால் அழுத்திச் சட்டென்று விடு. பதம் சரியாக இருந்தால் ‘டிங்’ என்று பழைய இடத்துக்கு வந்து நிற்கும். பதம் போதாதது வளைந்தபடியே கிடக்கும். பதம் மிஞ்சியது பட்டென்று ஒடியும். அப்புறம் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழு. வழுக்கிக்கொண்டு போனால் மீன் வாயிலும் வழுக்கும். தூண்டில் நரம்பைக் கோக்கிற காதையும் பார். கம்பி சுருண்டு வந்து தண்டைத் தொடுகிற இடத்தில் இடைவெளி இருந்தால் நரம்பு அதில் போய் மாட்டி அறுந்துவிடும். ஃபேக்டரியில் மெஷின் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. உனக்கும் அந்தக் கண் உண்டு, அவசரம்தான் விடுவதில்லை.

பார்பை, அதான் முனைக்குப் பின்னால் நிற்கிற எதிர்முள்ளை, முதலில் அமுக்கு, கட்டுவதற்கு முன்னால். தட்டை மூக்குக் குறடால் அமுக்கும்போது சில முள் முனையோடு ஒடிந்துவிடும். கட்டி முடித்த பிறகு ஒடிந்தால் அரைமணி நேர வேலையும் அதோடு போச்சு. மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவர்களுக்குப் பார்ப் இல்லாத முள்தான் நல்லது, உன் விரலுக்கும்தான்.

வால் (Vaal) நதியில் இருக்கிற யெல்லோஃபிஷ் மீனுக்கு மெல்லிய கம்பி வேண்டவே வேண்டாம். அது வேகமான தண்ணீரில் வளர்ந்த மீன், ஒரே ஓட்டத்தில் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போய்விடும். வாய் கீழ்ப்பக்கம் இருப்பதால் அடியில்தான் மேயும், தண்ணீருக்குள் இருக்கிற இளம்பூச்சி மாதிரி நீ கட்டுகிற நிம்ஃபும் அடிக்கே போகவேண்டும். அதற்குத் தடித்த கம்பியில் 12, 14. நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும், அதை மறந்து கடையில் மாற்றிக் கேட்டு வராதே. ஒரு கம்பெனியின் 14 இன்னொரு கம்பெனியில் 12 மாதிரி இருக்கும், ஆகவே நம்பரை நம்பாமல் பழைய முள்ளைக் கூடவே கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்கு. கழுத்தில் அறுபது டிகிரி மடிந்த ஜிக் முள் இருக்கிறதே, அதில் பிளவு போட்ட டங்ஸ்டன் மணியைக் கோத்தால் முனை மேலே பார்த்தபடி போகும், பாறையில் அவ்வளவாகச் சிக்காது. மணி பெரிதாகி முனைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கிற வாயை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள். வாய் அடைந்தால் எவ்வளவு அழகாகக் கட்டியும் பிரயோஜனம் இல்லை.

நம் பக்கத்து ட்ரௌட் மீனுக்கு வேறு கணக்கு. மேலே மிதக்கிற பூச்சிக்கு மெல்லிய கம்பி, 14, 16. அணைகளில் தும்பி நிம்ஃபுக்கு நீளத் தண்டு. 2எக்ஸ் லாங் என்றால், இரண்டு அளவு பெரிய முள்ளின் தண்டு இந்தச் சின்ன முள்ளுக்கு என்று அர்த்தம். வாக்கர்ஸ் கில்லர் என்கிற பூச்சிக்குக் கௌதாரி இறகை அடுக்கடுக்காக வைக்க அந்த நீளம் வேண்டும். நான் எத்தனை கட்டியிருக்கிறேன், நீ மேசைக்கு அடியில் உட்கார்ந்து கீழே விழுந்த இறகைப் பொறுக்குவாய். நாம் 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தோம், ட்ரௌட் 1890இல்தான் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக நேட்டாலுக்கு வந்தது, நமக்கு முப்பது வருஷம் ஜூனியர் என்று அப்பா இன்னும் அதே ஜோக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ அனுப்பிய நிம்ஃப் படத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, யார் கட்டியது என்றார். என் மகள் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். உடம்பு அவ்வளவு மெலிதாக, சுற்று எண்ணி வைத்ததுபோல் இருக்கிறது. மணிக்குப் பின்னால் மட்டும் நூல் அதிகம், மூன்று சுற்றுப் போதும். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்தப் படத்தில் புதன்கிழமை காலை பத்து மணி என்று இருக்கிறது. போன வாரப் படத்தில் செவ்வாய். லீவு போட்டிருப்பாய். ஓய்வு வேண்டும்தான்.

ஏனோ இந்த வாரம் சித்தப்பா ஞாபகமாகவே இருக்கிறது. ஷூ ஃபேக்டரி மூடின பிறகும் அவர் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போனது, சித்தி அதில் தினமும் புளிசாதம் கட்டிக் கொடுத்தது. அவரை நம் வீட்டில் யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினார்களா? அவர் வேலை போனதில் சித்திக்கு வருத்தம் இல்லை. அந்தப் புளிசாதத்தில்தான் வருத்தம். அதை விடு.

கட்டி விற்கிறவர்கள் கதை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. கடைக்காரர் டஜன் கணக்கில்தான் காசு கொடுப்பார். அதில் முள், நூல், இறகு, மணி எல்லாம் கழித்தால் மிஞ்சுவது பாலுக்கும் பஸ்ஸுக்கும் சரி. வீட்டு வாடகை அப்பா சம்பளத்தில்தான் போயிற்று. இப்போது கென்யாவில் கட்டிய பூச்சிகள் நல்ல தரத்தில், மலிவாகக் கடைக்கு வருகின்றன. அங்கே பழகிய கைகள் வரிசையாக உட்கார்ந்து கட்டுகின்றன. அதோடு விலையில் போட்டி போட மட்டமான முள்ளை வாங்கினால் முதல் மீனிலேயே நிமிர்ந்துவிடும். வாங்கினவன் மறுபடி வரமாட்டான். யாராவது உன் சிநேகிதிகள் அந்த யோசனையில் இருந்தால் சொல்: குறைவாகக் கட்டு, நல்ல முள்ளில் கட்டு, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடு, கூடவே வேறு வருமானமும் தேடிக்கொள்.

என் டப்பாவில் முஸ்டாட் கம்பெனியின் பழைய முள் இருக்கிறது, 12லும் 14லும். நார்வேக்காரர்கள் 1877இலிருந்து முள் செய்கிறவர்கள், அவர்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. துரு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் வெள்ளிக்கிழமை ஜோஹன்னஸ்பர்க் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் எதுவும் கேட்கமாட்டான், சொல்லி வைத்திருக்கிறேன். கூடவே ஊறுகாயும், அந்த மிளகாய்த் தூளும். பார்பை நான் அமுக்கவில்லை, நீ அமுக்கிக்கொள், கட்டுவதற்கு முன்னால்.

இந்த மாதம் எங்களுக்குப் பணம் போடாதே. கீஸர் ரிப்பேருக்கு அண்ணன் கொடுத்துவிட்டான், வேறு செலவும் இல்லை. உன் ரூமில் தையல் மெஷினைத் தவிர ஒன்றும் வைக்கவில்லை, அதையும் ஒரு நாளில் நகர்த்திவிடலாம்.

எட்டரை மணிக்கு மேல் கூப்பிடு. அப்பா அதற்குள் தூங்கிவிடுவார்.

அம்மா