நெல்லுக்கு என்று விற்ற மருந்தும் பின்னாலேயே வந்த புகையானும் – நிறுவனத்துக்குப் புகார்

அனுப்புநர்: நீடாமங்கலம் பக்கத்து விவசாயி (பெயர், விலாசம் பில் நகலில் உள்ளது)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் லாம்டா சைஹலோத்ரின் 5 இசி பூச்சிமருந்து. தமிழ்த் துண்டறிக்கை இல்லாதது, தவறான ஆலோசனை, மரியாதைக் குறைவு, நஷ்டஈடு.

ஐயா,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுத்தில் தருகிறேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து "பிரச்சினை என்ன சார்?" என்று முதலிலிருந்து கேட்கிறார். முன்பு பேசியவர் எழுதி வைத்ததெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஐப்பசிக் கடைசியில் என் சி.ஆர். 1009 ரகச் சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டது. அந்த நேரம் உங்கள் ஃபீல்டு ஆபீசர் உரக்கடை வாசலில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினார். "சுருட்டுப்புழு, குருத்துப்பூச்சி, புகையான், எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும், மாசத்துக்கு ரெண்டு தடவை அடிங்க, டேங்குக்கு ரெண்டு மூடி" என்றார். டீயும் வடையும் நன்றாகவே இருந்தன. அவர் சொன்னபடியே அடித்தோம். சுருட்டுப்புழு செத்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

மார்கழி பிறந்ததும் தூரடியில் புகையான், பயிரின் சாற்றை உறிஞ்சுகிற பூச்சி. அதற்கும் இதையே அடிக்கச் சொன்னார், அடித்தோம். அதற்கப்புறம்தான் பெருகியது. வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்து சாய்ந்தது.

இது உங்கள் மருந்து. உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இது பைரித்ராய்டு வகை மருந்து. இந்த வகையை நெல்லில் திரும்பத் திரும்ப அடித்தால் புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும் பச்சை நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் ஒழியும். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும், மேலே படுகிற மருந்து அங்கே போகாது. அது பொரித்து வரும்போது தின்ன ஆள் இருக்காது. புகையான் வருகிற வயலில் செயற்கைப் பைரித்ராய்டு வேண்டாம் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் செல்போனில் தேடி இதைக் காட்டினான். அவனுக்குக் கிடைத்தது உங்கள் ஆபீசருக்குக் கிடைக்கவில்லையா? குருத்துக்குள் போய்விட்ட புழுவையும் இந்த மருந்து எட்டாது. இது பயிருக்குள் ஊடுருவுகிற மருந்து இல்லை. இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

சரி, துண்டறிக்கையைப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். உங்கள் கால்சென்டர் தம்பி அதைத்தான் கேட்டார். "லீஃப்லெட்ல எல்லாம் இருக்கு சார், உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" ஐயா, எனக்குப் படிக்கத் தெரியும். நான் வாங்கிய பாட்டிலோடு வந்த தாளில் இந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் எறும்பு ஊர்ந்தது போல. மருந்து விற்கிற பகுதியின் மொழியிலும் துண்டறிக்கை இருக்க வேண்டும் என்று 1971ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. திருவாரூர் மாவட்டத்தில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று உங்கள் கம்பெனியில் யாருக்காவது தெரியுமா? அந்தத் தம்பி கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. என் வயசில் பாதிகூட இருக்காது அவருக்கு.

பையனை வைத்தே அந்தத் தாளையும் படித்துப் பார்த்தேன். நெல்லுக்கு எக்டருக்கு 250 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில். அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 5 மில்லி. உங்கள் ஆபீசர் சொன்ன ரெண்டு மூடி எத்தனை மில்லி என்று நீங்களே அளந்து பாருங்கள். கடைசியாக அடித்ததற்கும் அறுப்புக்கும் நடுவில் 15 நாள் விட வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதையும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. மீனுக்குக் கொடிய விஷம் என்றும் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறீர்கள். வாய்க்காலில் குறவை செத்து மிதந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அடித்த ஆளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கில் துண்டு கட்டி, காற்று போகும் திசையில்தான் அடித்தான். அன்றைக்கு ராத்திரி கன்னமும் நெற்றியும் திகுதிகு என்று எரிந்து, குத்திக் குத்தி இழுத்து, தூங்கவே இல்லை. உங்கள் எண்ணைக் கூப்பிட்டதற்கு "ஆஸ்பத்திரியில அட்ரோபின் ஊசி போடச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். அது பாஸ்பரஸ் வகை மருந்துகளுக்கு மாற்று, இதற்குத் தனியாக மாற்று மருந்து கிடையாது, சோப்புப் போட்டுக் கழுவி, அறிகுறியைப் பார்த்துத்தான் வைத்தியம் என்றார். மறுநாள் எரிச்சல் அடங்கியது. அந்த டாக்டரும் உங்கள் ஆள் மாதிரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கெல்லாம் மேலே தஞ்சாவூர் அலைச்சல். "சாம்பிள் கொண்டாங்க, எங்க ஆள் பார்ப்பார்" என்றதால் ரெண்டு தூர் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏறினேன். அம்மாப்பேட்டை வழியாகப் போனேன். சாக்கின் வாய் அவிழ்ந்து புகையான் குதித்துப் பக்கத்தில் இருந்த அம்மாவின் புடவையில் ஏறி, அவர் என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே! அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் உங்கள் குடோன் காவலாளி "எல்லாரும் மீட்டிங்ல, இங்க செடியெல்லாம் வாங்க மாட்டோம்" என்று கேட்டுக்குள்ளேயே விடவில்லை. தண்ணீர்கூடக் கேட்டுத்தான் வாங்கிக் குடித்தேன்.

ஐந்து மா (ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) சம்பாவும் மொத்தமாகப் போச்சு. அறுத்த கொஞ்சம் வைக்கோலுக்குத்தான் ஆகும். கொள்முதல் நிலையத்துக்கு எதைக் கொண்டுபோவேன்? உரம், நடவுக்கூலி, வட்டி எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் நஷ்டம். பேரனுக்குத் தையில் வைத்திருந்த காதுகுத்தும் தள்ளிப்போய்விட்டது. அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரிய கம்பெனி, கேட்டால் நியாயம் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். நஷ்டஈடு வேண்டும். நான் வாங்கிய பேட்ச்சின் பரிசோதனை அறிக்கை வேண்டும். இந்த வட்டாரக் கடைகளில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலோடும் தமிழ்த் தாள் வைக்க வேண்டும், அதில் நெல் வயலில் புகையான் பெருகும் என்பது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், மீதிப் பாட்டில் சீல் உடைக்காமல் வீட்டில் இருக்கிறது, பூச்சிமருந்து ஆய்வாளரிடம் கொடுத்துவிடுவேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போகும், நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து உங்கள் பெயரைச் சொல்லவும் எனக்குத் தயக்கம் இல்லை. அங்கே பத்திரிகைக்காரர்களும் வருவார்கள்.

பில் நகல், பாட்டில் லேபிள் படம், தீய்ந்த வயலின் படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் (இதுவரை)

பி.கு.: பதில் சொல்ல அந்தத் தம்பியை மட்டும் போன் பண்ண வைக்காதீர்கள்.